குதிரைக் கொம்பும் குதிரைச் சவாரியும்

கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் "குதிரைக் கொம்பு" என்று சொல்வோம் இல்லையா? இந்தப் பதிவு குதிரையைப் பற்றியது. கொஞ்சம் கொம்பைப் பற்றியதும்தான்.

பி.காம் படிக்கிறவனுக்கு குதிரை வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைத்தியம் தெரியாது. ஆனால் யாராவது "லாபம்" என்று சொன்னால், எதிலிருந்து எதைக் கழித்து அந்த லாபம் வந்தது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் :-)

முதலில் கதை. சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

ரூபர்ட் ஐசக்சன் என்று ஒரு பயண எழுத்தாளர். இங்கிலாந்துக்காரர், சின்ன வயதிலிருந்தே குதிரையோடு பழகியவர். அப்போதைய மனைவி கிறிஸ்டின் நெஃப், அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லித் தருபவர். இவர்களுடைய மகன் ரோவனுக்கு 2004-ல், இரண்டரை வயதில், ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னார்கள். பேச்சு சரியாக வரவில்லை. ஆரம்பித்தால் நிற்காத அழுகை, அலறல், தரையில் விழுந்து புரளல். மற்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வழக்கமான தெரபிகள் எல்லாம் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நகரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. குதிரைக்காரரான அப்பா, பையனைக் குதிரைப் பக்கமே அண்டவிடாமல்தான் முதலில் வைத்திருந்தார். எப்போது எந்தப் பக்கம் ஓடுவான் என்று தெரியாத குழந்தையைக் குதிரைக் காலடியில் விட யாருக்குத்தான் தைரியம் வரும்? நியாயமான பயம்தான்.

ஆனால் ஒரு நாள் ரோவன் அவர் கையிலிருந்து நழுவி ஓடிவிட்டான். பக்கத்து நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த குதிரைக் கூட்டத்துக்குள் புகுந்து அவற்றின் குளம்புகளுக்கு நடுவே மல்லாந்து படுத்துவிட்டான். அந்தக் கூட்டத்தின் தலைவி பெட்ஸி என்ற பெட்டைக் குதிரை. மற்ற குதிரைகளைக் கிட்ட நெருங்கவிடாத முரட்டுக் குதிரை. அது மெதுவாகத் தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நாக்கால் உதட்டை நக்கியது. குதிரை பாஷையில் அதற்குப் பணிவு என்று அர்த்தமாம். பழக்காமல், மிரட்டாமல் ஒரு குதிரை தானாக ஒரு குழந்தைக்கு முன்னால் இப்படிச் செய்ததை, குதிரைகளோடேயே வளர்ந்த அந்த மனிதர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சேணத்தில் முன்னால் மகன், பின்னால் அப்பா. சவாரி போகப் போக ரோவனுக்குப் பேச்சு வர ஆரம்பித்தது. கீழே இருக்கும்போது பதில் சொல்லாத கேள்விகளுக்கு மேலே இருக்கும்போது பதில் சொன்னான். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. எழுத்து, எண், விளையாட்டு, கதை எல்லாவற்றையும் குதிரை முதுகுக்கே கொண்டுபோய்விட்டார்.

2007 கோடையில் குடும்பம் மங்கோலியாவுக்குப் போனது. குதிரை முதன்முதலில் பழக்கப்பட்டதாகச் சொல்லப்படும் புல்வெளி நாடுகளில் ஒன்று. அங்கே ஷாமன் எனப்படும் பூசாரி வைத்தியர்களும் இருக்கிறார்கள். குதிரையில் வடக்கே ஏறி, கலைமான் மேய்க்கும் மக்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ரோவனுக்கு ஐந்து வயது. போகும்போது மூன்று பெரிய பிரச்சினைகள்: மலம் கழிக்கும் பழக்கம் வரவில்லை, அழுகைச் சூறாவளி நிற்கவில்லை, நண்பன் என்று ஒருவனும் இல்லை. திரும்பி வரும்போது மூன்றிலும் மாற்றம். வழிகாட்டியாக வந்தவருடைய மகன்தான் ரோவனின் முதல் நண்பன். 2009-ல் இதையெல்லாம் "தி ஹார்ஸ் பாய்" என்ற பெயரில் புத்தகமாக எழுதினார் ஐசக்சன். அதே ஆண்டு படமும் வந்தது.

கதை நல்ல கதை. யார் படித்தாலும் கண் கலங்கும். என் பிரச்சினை கதையில் இல்லை, அது ஊரைச் சுற்றி வரும்போது என்ன ஆனது என்பதில்தான்.

ஊர் சுற்றி வந்த பதிப்பு இதுதான்: "குதிரை ஏறினான், ஆட்டிசம் போய்விட்டது." மின்னஞ்சலில் ஒருவர் அனுப்ப, அதை இன்னொருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, கடைசியில் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் அம்மாவிடம் போய்ச் சேரும். "நீங்க இதை ட்ரை பண்ணிப் பார்த்தீங்களா?" என்ற அக்கறையோடு! ஏற்கெனவே தூங்காமல் இருக்கிற அந்த அம்மாவுக்கு இது இன்னொரு பாரம். "என் பிள்ளைக்குச் செய்யாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறதோ" என்ற பாரம்.

அப்பா ஐசக்சனே அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். ஆட்டிசம் "குணமாகிவிட்டது" என்று அவர் எழுதவில்லை. மகன் ஆட்டிசத்தோடுதான் இருக்கிறான், அவனுடைய இயல்பும் திறமையும் அதோடு சேர்ந்தவைதான், அவனை வதைத்துக்கொண்டிருந்த சில தொல்லைகள்தான் தணிந்தன என்பதே அவர் நிலை.

இன்னொன்று. 2014-ல் "தி லாங் ரைட் ஹோம்" என்று இரண்டாவது புத்தகம் எழுதினார். மங்கோலியாவிலிருந்து திரும்பி ஏறக்குறைய ஒரு வருடத்தில் பழைய தொல்லைகள் சில திரும்ப எட்டிப் பார்த்ததையும், அதன் பிறகு நமீபியா, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் நவஹோ மக்களின் பகுதி என்று குடும்பம் மேலும் மூன்று பயணம் போனதையும் அதில் எழுதியிருக்கிறார். முதல் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறார்கள்? ஏறினதைச் சொல்வார்கள், இறங்கினதைச் சொல்ல மாட்டார்கள். பங்குச் சந்தை டிப்ஸ் கொடுப்பவர்களும் இதே ஜாதிதான்.

சரி, இப்போது என் கேள்வி. ரோவனுக்குக் கிடைத்த முன்னேற்றத்தை யார் கணக்கில் வரவு வைப்பது?

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் கூட்டுச் செலவு என்று ஒன்று வரும். ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் வருகிறது. மொத்தச் செலவு தெரியும், மொத்த வரவு தெரியும். எதில் எவ்வளவு யாருக்கு என்று பிரிப்பதுதான் கஷ்டம். எந்த முறையில் பிரித்தாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். ரோவன் விஷயமும் அப்படித்தான். குதிரை இருந்தது. தினமும் மணிக்கணக்காக மகனோடு இருந்த அப்பா இருந்தார். குழந்தை மனதைப் படித்த அம்மா இருந்தார். நாலு சுவருக்குள் அடைபடாமல் வெட்டவெளி இருந்தது. மங்கோலியாவில் ஒரு நண்பன் கிடைத்தான். ஷாமனும் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், இரண்டரை வயதிலிருந்து ஐந்தரை வயது வரை குழந்தை வளர்ந்திருக்கிறான்! மூன்று வருடத்தில் எந்தக் குழந்தைதான் அப்படியே இருக்கும்? ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளரும், கற்கும். அது நின்றுபோன கடிகாரம் இல்லை.

இத்தனையையும் விட்டுவிட்டு "குதிரை" என்று ஒற்றை வார்த்தையில் வரவு வைத்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அப்படியானால் குதிரைக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான்: குதிரையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு முன் குதிரை என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், கொஞ்சம் திருகலாக, மூன்று விதமாகவும் அசைகிறது. அதன் மேல் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் கூடவே அசைகிறது. மனிதன் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அதே மாதிரி. நடக்கவே முடியாத ஒரு குழந்தைக்கு, நடக்கிற அனுபவம் இடுப்பு வரைக்கும் கிடைக்கிறது. சாதாரண நடையில் குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைக்கும். 20 நிமிடம் போனால் 2000 முறை அந்தக் குழந்தையின் உடல் சரிந்து, தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. எந்த பிசியோதெரபிஸ்ட்டாலும் கையால் இப்படி 2000 முறை செய்ய முடியாது. குழந்தையும் 2000 முறை ஒத்துழைக்காது. குதிரை மேல் இருந்தால் அது பயிற்சி என்றே குழந்தைக்குத் தெரியாது.

இந்தத் துறைக்கு உலகத்தின் கண் திரும்பியதற்குக் காரணம் ஒரு பெண். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல். 1944-ல், 23 வயதில், வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கடைசி வரை செயல் வரவில்லை. ஆனால் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் ஜூபிலி என்ற குதிரையில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி வென்றார். அந்தப் போட்டியில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக்ஸ் அதுதான். குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் உதவ வேண்டும். மேடை ஏறும்போது தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயிண்ட் சைர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். 1956-லும் மீண்டும் வெள்ளி! அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் ஊனமுற்றோருக்கான சவாரி மையங்கள் வேகமாகப் பரவின. 1969-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தேசிய அளவில் சங்கங்கள் வந்துவிட்டன.

கவனியுங்கள். லிஸ் ஹார்டெலுக்கு வாதம் குணமாகவில்லை. குணமாகாமலேயே ஒலிம்பிக்ஸ் மேடை ஏறினார். இந்த வித்தியாசம்தான் இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 15 குழந்தைகளை வைத்து 2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வயது 4 முதல் 12. பாதிப் பேர் 8 நிமிடம் குதிரை மேல். மீதிப் பேர் 8 நிமிடம் அசையாத பீப்பாய் மேல், அதே மாதிரி காலை இருபுறமும் போட்டு. உட்காருகிற விதம் ஒன்று, நேரம் ஒன்று. அசைவு மட்டும்தான் வித்தியாசம். குதிரையில் உட்கார்ந்தவர்களுக்கு இடது, வலது தசைகள் வேலை செய்வதில் சமநிலை கூடியது. பீப்பாயில் உட்கார்ந்தவர்களுக்குக் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், 8 நிமிடத்து விளைவுதான். ஆனால் கேள்வி கேட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பீப்பாய்தான் ஹீரோ!

2. 2015-ல் தென் கொரியாவில் கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். பெருமூளை வாதம் உள்ள 92 குழந்தைகள், வயது 4 முதல் 10. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு முறை, 30 நிமிடம், 8 வாரம் குதிரை. இன்னொரு குழுவுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி. உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற அசைவுத் திறனிலும் சமநிலையிலும் குதிரைக் குழு கூடுதலாக முன்னேறியது.

3. ஆட்டிசத்துக்கு வருவோம். அதே 2015-ல் அமெரிக்காவில் கொலராடோவில் நடந்தது. 6 முதல் 16 வயது வரை 127 பேர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 வாரம் சவாரி. இன்னொரு குழுவும் அதே குதிரை மையத்துக்கு 10 வாரம் வந்தது, குதிரையைப் பற்றிப் படித்தது, ஆனால் குதிரையைத் தொடவில்லை. அதாவது பயணம், புது இடம், பெரியவர்களின் கவனம் எல்லாம் இரண்டு பேருக்கும் உண்டு. ஒருவருக்கு மட்டும் குதிரை. ஐந்தாவது வாரத்திலிருந்தே சவாரிக் குழுவில் எரிச்சலும் பரபரப்பும் குறைய ஆரம்பித்தது. சமூகத் தொடர்பு கூடியது. பேசிய சொற்களும் புதுச் சொற்களும் கூடின. சோதித்த மற்ற திறன்களில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். அதுதான் நேர்மையான கணக்கு. கூடியது இது, கூடாதது இது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எரிச்சல் குறைந்ததா என்று மதிப்பெண் போட்டவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார். தங்கள் பிள்ளை எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியும். நம்பிக்கை கொஞ்சம் மதிப்பெண்ணைத் தூக்கியிருக்கலாம்.

ஆக, குதிரைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு எல்லையும் உண்டு. எல்லையைச் சொல்லாமல் பங்கை மட்டும் சொன்னால் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான்.

இப்போது ஒரு சின்னக் குழந்தையின் "முன்னேற்றம்" என்றால் நிஜத்தில் எப்படி இருக்கும்? கண்ணீர் வரவழைக்கும் வீடியோ மாதிரி இருக்காது. இப்படித்தான் இருக்கும்: முதல் நாள் லாயத்து வாசனைக்கே அலறல். சில வாரம் கழித்து ஹெல்மெட்டை ஒரு நிமிடம் தலையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்வது. பிறகு பிடரி மயிரைத் தொடுவது. பிறகு ஏறி உட்காருவது, சேணத்தின் பிடியை இறுக்கமாகப் பற்றிக்கொண்டு. பிறகு ஒரு கையை விடுவது. "நட" என்றால் குதிரை நடக்கும், "நில்" என்றால் நிற்கும் என்று தெரிந்துகொள்வது. அதிலும் குழந்தை சொல்லும் வரை குதிரையை நடத்திப் போகிறவர் வேண்டுமென்றே காத்திருப்பார். பேசாத பிள்ளைக்கு, தான் சொன்ன ஒரு சொல்லுக்கு 400 கிலோ பிராணி ஒன்று கீழ்ப்படிகிறது என்றால் அந்தச் சொல்லின் மதிப்பே வேறு! நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகள் சொன்னதை யார் அப்படிக் கேட்கிறோம்?

நடுவில் இரண்டு வாரம் காய்ச்சல் வந்தால் மறுபடி ஹெல்மெட் அலறலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

இந்த மாதிரி சின்னச் சின்ன வரவுகளை எழுதி வைக்கும் குறிப்பேடுதான் முக்கியம் என்பது என் கருத்து. "குணமாகிவிட்டதா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு கையை விட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். குழந்தை தன் அளவில் இமயமலை ஏறியிருக்கும், நாம் மதிப்பெண் பூஜ்யம் போடுவோம். கொம்பைத் தேடுகிறவனுக்குக் குதிரை கண்ணில் படாது.

அடுத்தது செலவு. (நம்ம ஏரியா!)

குதிரை ஒரு நிலையான செலவு. சவாரி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது சாப்பிடும். நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் தீவனம் என்பது பொதுக் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 8 கிலோ. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்டி லாடம் பார்க்க ஆள் வேண்டும். மருத்துவர் வேண்டும், நிலம் வேண்டும். அதே நேரம் ஒரு நாளைக்கு இத்தனை சவாரிதான் என்று வரையறை உண்டு. அதற்கும் அலுப்பு வரும், மனசு கெடும். அடுத்து ஆட்கள். சின்னக் குழந்தை என்றால் குதிரையை நடத்த ஒருவர், இரண்டு பக்கமும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்க இருவர், சொல்லிக் கொடுக்க ஒருவர். ஒரு குழந்தைக்கு நாலு பேர்! ஆட்டோ மாதிரி ஷேர் பண்ணவும் முடியாது.

அதனால்தான் வெளிநாடுகளில் இது பெரும்பாலும் நன்கொடையிலும், சம்பளம் வாங்காமல் பக்கத்தில் நடக்கிற தொண்டர்களாலும் ஓடுகிறது. கட்டணத்தை மட்டும் வைத்து நடத்தினால் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். நகையை அடகு வைத்துக் கட்டுகிற குடும்பமும் இருக்கும். அந்தக் குடும்பத்திடம் "குணமாகிவிடும்" என்ற வார்த்தையை விற்பது வியாபாரமே இல்லை, மோசடி. ஆட்டிசம் என்பது தீர்த்துக் கட்ட வேண்டிய நோய் என்று சொல்லி ஆரம்பிக்கும் எந்த இடத்திலும் பர்ஸைத் திறப்பதற்கு முன் யோசிப்பது நல்லது.

எனவே யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

- என்ன மாற வேண்டும் என்று ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள். "நன்றாக ஆக வேண்டும்" என்பது இலக்கு இல்லை. "ஆதரவில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும்" என்பது இலக்கு.

- இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிசியோ, ஆக்குபேஷனல் அல்லது பேச்சுப் பயிற்சி தெரபிஸ்ட் தன் சிகிச்சைக்குக் குதிரையின் அசைவைப் பயன்படுத்துவது ஹிப்போதெரபி. பயிற்சி பெற்ற ஆசிரியர் குழந்தைக்குச் சவாரியே சொல்லிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் நல்லதுதான், ஒன்று மற்றொன்று இல்லை. மெரினாவில் ஒரு ரவுண்டு போய்வருவது இரண்டிலும் சேராது :-)

- மருத்துவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிணைப்பு தளர்வாக இருக்கும். அவர்களுக்குச் சவாரி ஆபத்து. கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல் இருந்தாலும் அப்படித்தான்.

- பத்து, பன்னிரண்டு வாரம் என்று ஒரு கெடு வையுங்கள். அதன் முடிவில் எழுதி வைத்ததை எடுத்துப் பாருங்கள். குதிரை மேல் வந்தது வீட்டுக்கு வந்ததா? பள்ளிக்கூடத்துக்கு வந்ததா? வரவில்லை என்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறெதற்குச் செலவிடலாம் என்று யோசிப்பதில் தப்பே இல்லை. ஏற்கெனவே கட்டிய பணத்துக்காகத் தொடராதீர்கள். போன பணம் போனதுதான், அடுத்த முடிவில் அதற்கு இடம் கிடையாது.

- குதிரையே இல்லாத ஊரில் இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐசக்சனே பிற்காலத்தில் குதிரை இல்லாமல் செய்யக்கூடிய முறைகளையும் சொல்லித் தர ஆரம்பித்துவிட்டார். அசைவு, திறந்த வெளி, குழந்தைக்குப் பிடித்ததைப் பின்தொடர்வது, பதிலுக்காகக் காத்திருப்பது. இதில் நாலில் மூன்றுக்குக் காசு கிடையாது. ஊஞ்சலும் அப்பாவின் தோளும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பெற்றோர் மட்டும் இதைச் சுமக்க வேண்டும் என்பது இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பெருமூளை வாதத்தையும் தன் 21 வகைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதோ அது எளிய குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். ஆதாரம் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆதாரமில்லாத ஒன்றுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

கடைசியாக ஒன்று. "குதிரை குணப்படுத்தியது", "ஷாமன் குணப்படுத்தினார்", "தெரபி குணப்படுத்தியது" என்று எத்தனையோ எழுவாய்கள். எந்த வாக்கியத்திலும் குழந்தை எழுவாயாக வருவதில்லை. பயத்தை அடக்கிக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டது யார்? விழாமல் 2000 முறை நிமிர்ந்தது யார்? வாயில் வராத சொல்லை வரவழைத்தது யார்? ஆட்டிசத்தோடு வாழ்ந்துகொண்டே கால்நடை அறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின், தான் படித்த உறைவிடப் பள்ளியில் குதிரைகளோடு கழித்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். குதிரைகள் அவரைப் பேராசிரியர் ஆக்கின என்று யாரும் சொல்வதில்லை. படித்தது அவர்தானே?

ரோவன் இப்போது இருபதுகளில் இருக்கும் இளைஞர். ஆட்டிசம் அவரை விட்டுப் போகவில்லை. பெட்ஸி தலையைத் தாழ்த்தியது உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான நாட்களில் கற்றுக்கொண்டது அந்தப் பையன்தான். அந்த வரவை அவன் கணக்கில் எழுதுவோம். குதிரைக்குக் கொள்ளு வைப்போம், அதன் உழைப்புக்கு அது நியாயமான கூலி.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு குழந்தை இருந்து, குதிரையோ வேறு எதுவோ உதவியிருந்தால் எழுதுங்கள். உதவாமல் போயிருந்தாலும் எழுதுங்கள். அதுதான் இன்னும் அவசியம். அடுத்த அம்மா படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டும்தான்.